சிவப்பு வட்டம் ஒட்டிய மூடி

பெயிண்ட் கம்பெனியில் பதினேழு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். வாடிக்கையாளர் ஒரு நிறத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். அச்சு அசலாக அதே நிறத்தை நான் கலந்து கொடுக்க வேண்டும். நீட்டப்படுவது எதுவாகவும் இருக்கலாம். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லு, சோபாவின் ஓரத்துணி, ஒருமுறை ஒரு பல். அது ஒரு பல் டாக்டர் தன் கிளினிக் சுவருக்காகக் கொண்டுவந்தது. பழைய பெயிண்டுக்குப் பக்கத்தில் என் பெயிண்டை அடித்தால், எது எங்கே முடிந்தது என்று அடித்தவனுக்கே தெரியக்கூடாது. கம்பெனியில் எல்லாரும் என்னை 'ஷேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை கொடுக்க நினைப்பவர்கள் கூடவே ஒரு 'சார்' சேர்ப்பார்கள்.

இந்தத் திறமையைக் கம்பெனியிலேயே பூட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்தது என் தப்பு.

வருடக் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன விருந்து உண்டு. என் மேனேஜரும் அவர் மனைவியும் வருவார்கள். எதிர் ஃப்ளாட்டிலிருந்து தையல் கடை வைத்திருக்கும் தம்பதி வருவார்கள். அப்புறம் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அவர் மனைவியோடு வருவார். சாப்பாடு மனைவி பொறுப்பு. குளிர் எலும்பைக் குடைகிற மாதம் என்பதால், ரம்மும் பழச்சாறும் மசாலாவும் சேர்த்து ஒரு காக்டெயில் கலப்பது என் பொறுப்பு. கலப்பதுதானே என் பிழைப்பு.

போன வருட விருந்தில் மச்சான் எங்கள் வாசலில் இருந்த செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அலமாரி அன்றோடு போய்ச் சேர்ந்தது. அவருக்கு நாலாவது கிளாஸ் வரை ஊற்றிக் கொடுத்தது நான். "இன்னும் ஒண்ணு மச்சான், குளிருக்குத்தானே" என்று சொன்னதும் நான்தான்.

அதன்பிறகு ஏப்ரலில் ஒரு நாள். மச்சான் லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை பார்க்கிறவர். முந்தின நாள் குடித்த வாசனை வாயிலிருந்து போகாமலேயே காலையில் வேலைக்குப் போயிருக்கிறார். கால் வைக்க வேண்டிய இடத்துக்கு அரை அடி தள்ளி வைத்தார். கூட இருந்தவர் காலரைப் பிடித்து இழுத்ததில் சட்டை மட்டும் கிழிந்தது. அந்தச் சட்டையை அவர் மனைவி தைக்கவும் இல்லை, தூக்கிப்போடவும் இல்லை. பீரோக் கதவின் உள்பக்கம் மாட்டிவைத்திருக்கிறார். வேறு சட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மச்சான் அதைப் பார்த்தாக வேண்டும்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். இந்தத் தடவை குக்கரையும் எடுத்துட்டுப் போவேன்" என்று அன்றைக்கு அவர் சொல்லியிருக்கிறார். இதற்கு முன் இரண்டு தடவை போனபோது குக்கரை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். மச்சானுக்கு விஷயம் புரிந்தது. எட்டு மாதமாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை.

விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் என் மனைவி ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் கையில தண்ணி கிளாஸை வெச்சுக்கிட்டு மூலையில தனியா நிக்கக் கூடாது. ஏன் குடிக்கலன்னு எவனும் கேக்கக் கூடாது. அதே சமயம்..."

"அதே சமயம்?"

"அதே சமயம்தான். நீங்கதானே பெரிய கலவைக்காரர். யோசிங்க."

விருந்தன்று காலையில் மச்சானின் மனைவி போன் செய்தார். எனக்கு அக்கா முறை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எனக்கு எட்டு மணி வரைக்கும் ட்யூட்டி தம்பி. அவரை முன்னாடி அனுப்புறேன். உங்களை நம்பித்தான் அனுப்புறேன்."

'உங்களை நம்பி' என்று யாராவது சொன்னால் அந்த வேலை பிசகாமல் இருந்ததில்லை. இது பதினேழு வருட அனுபவம்.

எல்லாருக்குமே ரம் இல்லாமல் கலந்து கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அன்று என் வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. ரம் உள்ளது ஒரு ஜக், இல்லாதது ஒரு ஜக். இரண்டும் பார்வைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் எல்லாரோடும் சேர்ந்து நிற்பார், எல்லார் கையிலும் இருப்பதே அவர் கையிலும் இருக்கும், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. சுவரில் ஓட்டை அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, இடம் தெரியாமல் செய்வது மாதிரி.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். முதலில் ரம் ஜக். மாதுளைச் சாறு ஒரு லிட்டர், ஆரஞ்சுச் சாறு அரை லிட்டர். பட்டை, கிராம்பு, இரண்டு அன்னாசிப்பூ, நசுக்கிய இஞ்சி எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு வடிகட்டி ஒரு கப். கடைசியில் கறுப்பு ரம், முழு பாட்டில். கொஞ்சம் மிச்சம் வைத்தால் அது வீட்டுக்குள் எங்கேயாவது இருந்துகொண்டு மச்சான் கண்ணில் படும் என்று மொத்தமாகக் கவிழ்த்தேன். யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

இரண்டாவது ஜக்கில் ரம்முக்குப் பதில் என்ன? இங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ரம்மின் பழுப்புக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினேன். துவர்ப்புக்கு, கெட்டியாக இறக்கிய தேயிலைச் சாறு. தொண்டையில் ஓர் எரிச்சல் வேண்டுமே, அதற்கு ஒரு மூடி வினிகரும் இடித்த மிளகும். மிளகு கொஞ்சம் தூக்கலாகிவிட்டதால், நியாயமாக இருக்கட்டும் என்று ரம் ஜக்கிலும் அதே அளவு போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு நிறம் ஒன்றா இல்லையா என்று ஒரே வெளிச்சத்தில் பார்த்து முடிவு கட்டக்கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிவது, மஞ்சள் பல்புக்குக் கீழே போனால் ஒன்றுவிட்ட சொந்தமாகிவிடும். ஆகவே இரண்டு கிளாஸில் ஊற்றிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். அங்கிருந்து சமையலறை டியூப்லைட்டுக்கு. அங்கிருந்து ஹாலின் மஞ்சள் பல்புக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு தேயிலை, இரண்டு சொட்டு மாதுளை.

"அதைக் குடிக்கப் போறாங்களா, சுவத்துல அடிக்கப் போறாங்களா?" என்றாள் மனைவி.

மூன்று வெளிச்சத்திலும் ஒன்றாக வந்தது. அதோடு விட்டேனா? நூறு மில்லி எடுத்து எடை பார்ப்பதும் எங்கள் பழக்கம். ரம் உள்ளது மூன்று கிராம் குறைந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் யாரும் தராசோடு வரப்போவதில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பாகை ஊற்றி அதையும் சரிக்கட்டினேன்.

ருசிதான் சிக்கல். எனக்கு வருடத்தில் இரண்டே பருவம்: மூக்கொழுகல், மூக்கடைப்பு. அன்றைக்கு இரண்டாவது. நாக்கு அட்டை மாதிரி இருந்தது. ருசி பார்க்க மனைவியைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் மதுவைத் தொடாதவள். ஜக்குக்கு ஒரு சொட்டு வீதம் இரண்டையும் நாக்கு நுனியில் வைத்தாள்.

"இது இருமல் மருந்து."

"சரி, அது?"

"அதுவும் இருமல் மருந்து."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கம்பெனியில் நாங்கள் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பயன்படுத்துகிறோம். கட்டைவிரல் நகம் அளவுக்கு வட்டமாக இருக்கும். 'இதை வெளியே அனுப்பாதே' என்று அர்த்தம். ஒரு தாள் எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். அதிலிருந்து ஒன்றை உரித்து ரம் ஜக்கின் மூடியில் ஒட்டினேன். இரண்டு ஜக்கையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். கிளாஸ்களின் விளிம்பில் எலுமிச்சம்பழம் தடவி, சர்க்கரையில் கவிழ்த்து, பனி படிந்த மாதிரி வரிசையாக அடுக்கினேன். குளித்தேன். அன்றைய மத்தியானம் என்னைவிட நிம்மதியாகத் தூங்கிய மனிதன் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டான்.

ஆறரைக்கு விருந்து. மச்சான் ஐந்தரைக்கே வந்துவிட்டார். தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"என்ன மாப்பிள்ளை, மூக்கு இன்னும் வேலைக்கு வரலையா?"

"லீவு போட்டிருக்கு மச்சான். ஒரு வாரம்."

"லீவுலயாவது கொஞ்சம் சிவந்து அழகாயிருக்கு."

அவரை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, முதல் கிளாஸை அவருக்கே ஊற்றலாம் என்று சமையலறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சிவப்பு வட்டம் இல்லாத மூடி போட்ட ஜக்கை வெளியே எடுத்து, சர்க்கரை விளிம்பு கிளாஸில் முக்கால்வாசி ஊற்றினேன். தட்டில் வைத்துத் தூக்கினேன்.

"ரெண்டு ஜக்கு மூடியும் ஒரே பிசுபிசுப்பு. நீங்க தூங்கும்போது கழட்டிக் கழுவி மாட்டிட்டேன்" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "பாகை ஊத்துனா துடைக்கணும்னு ஒரு இது வேணாம்?"

தட்டு அந்தரத்தில் நின்றது.

"ரெண்டையும் ஒரே நேரத்துலயா கழட்டினே?"

"பின்ன, ஒண்ணைக் கழுவி வரிசையில நிக்க வெச்சு அப்புறம் இன்னொண்ணா?"

"எந்த மூடியை எதுல மாட்டினே?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு!" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயோ. அந்தச் சிவப்புப் பொட்டு கடைக்காரன் ஒட்டினது இல்லையா?"

கம்பெனியில், என் மேஜைக்கு நேர் எதிரே, சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. 'மூடியில் ஒட்டாதே. டப்பாவில் ஒட்டு.' ஒரு முறை இரண்டு டப்பாவின் மூடி மாறிப்போய், ஒரு கட்டடத்தின் வலது பாதி வெண்ணெய் நிறமாகவும் இடது பாதி வேறொரு வெண்ணெய் நிறமாகவும் போனது. அதற்கு அப்புறம் மாட்டிய பலகை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்வேன். அதை எழுதியவனும் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

கணவனும் மனைவியும் உதட்டை அசைக்காமல் சண்டை போட்டோம். ஹாலுக்குக் கேட்கக்கூடாதே.

"மோந்து பாருங்க."

"எதால மோந்து பார்க்கிறது? நீ பாரு."

அவள் இரண்டு ஜக்கிலும் முகத்தைக் கொண்டுபோனாள். "ரெண்டுலயும் கிராம்புதான் அடிக்குது. ஒண்ணுல கொஞ்சம் கூட அடிக்கிற மாதிரி இருக்கு. எந்த ஒண்ணுன்னு மறந்துட்டேன்."

நான் ஜக்குக்கு ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தேன். இரண்டும் எரிந்தது. மிளகு. இன்னொரு ஸ்பூன். மறுபடி எரிந்தது. நாலாவது ஸ்பூனில் உடம்பு கொஞ்சம் சூடேறிய மாதிரி இருந்தது. பயத்தில் ஏறிய சூடா, ரம்மில் ஏறிய சூடா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியே ரம் என்றாலும், நாலில் எந்த ஸ்பூன்?

ஒரு கரண்டியில் எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். குச்சி அணைந்தது. இன்னொரு கரண்டி. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. தராசை எடுத்தேன். நூறு மில்லிக்கு நூறு மில்லி, ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. காலையில் பார்த்துப் பார்த்துச் சரிக்கட்டிய மகராசன் யார்? ரம் சீக்கிரம் உறையாது என்ற ஞாபகத்தில் இரண்டு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தேன். மணி ஐந்து நாற்பத்தைந்து. உறைய எப்படியும் இரண்டு மூன்று மணி நேரமாகும். அதற்குள் மேனேஜர் வந்து என்னை உறையவைத்துவிடுவார்.

எட்டு மாதம். பீரோக் கதவில் தொங்கும் சட்டை. குக்கர். இத்தனையும் அந்த இரண்டு ஜக்கில் ஒன்றுக்குள் கிடந்தது. எதற்குள் என்று எனக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, உங்க ஃப்ரிட்ஜ் மோட்டார் முனகுது. ஹால் வரைக்கும் கேக்குது."

மச்சான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டால் அவரால் உட்கார முடியாது. அவர் பார்வை மேடை மேல் மெதுவாக ஊர்ந்தது. இரண்டு ஜக். ஆறு ஸ்பூன். தராசு. கருகிய தீக்குச்சிகள்.

"என்ன இது, பரிசோதனைக்கூடமா?"

"சும்மா மச்சான். அளவு பார்த்தேன்."

"தீக்குச்சியால அளவு பார்க்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்."

பொய் சொல்லக்கூட மூக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் போல. இரண்டு வார்த்தை சொல்வதற்குள் எனக்கு அடைத்துக்கொண்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரம், தேயிலை, மூன்று வெளிச்சம், மூடி, பலகை, ஒன்று விடாமல்.

மச்சான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வாசல்ல ஷூ கழட்டும்போதே தெரிஞ்சுது ரம் இருக்குன்னு" என்றார். "உங்க மூக்கு லீவு. என் மூக்குக்கு ஜென்மத்துக்கும் லீவு கிடையாது."

"அப்போ எந்த ஜக்குன்னு சொல்லிட முடியுமா அண்ணா?" என் மனைவி அவசரத்தில் கேட்டுவிட்டாள். நானும் அதைத்தான் கேட்கவிருந்தேன். ஒரு நொடி முந்திக்கொண்டதால் பாவம் அவள் கணக்கில் விழுந்தது.

"சொல்லலாம்." அவர் அசையவில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகச் சாய்ந்து நிற்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விரல் முட்டிகள் வெளுத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். "ஆனா சொல்லணும்னா கிட்ட வந்து மூச்சை இழுக்கணும். நான் இழுக்க மாட்டேன்மா."

ஃப்ரிட்ஜ் மட்டும் முனகியது.

நான் ஒரு ஜக்கைத் தூக்கினேன்.

"பொறுங்க" என்றார் மச்சான். "நான் பால்கனிக்குப் போயிடுறேன். ஊத்தும்போதுதான் ரொம்ப எழும்பும்."

அவர் போய்ப் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்ட பிறகு, இரண்டு ஜக்கையும் சிங்க்கில் கவிழ்த்தேன். ஊற்றி வைத்திருந்த கிளாஸ், ஃப்ரீஸர் கிண்ணங்கள் எல்லாம் அதோடு போயின. பதினேழு வருடத்தில் நான் கலந்ததிலேயே கச்சிதமான ஜோடி. இரண்டும் ஒரே நிறத்தில் சுழன்று ஒரே ஓட்டைக்குள் இறங்கின. மனைவி குழாயைத் திறந்துவிட்டாள், ஜன்னலையும் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு அப்போதும் ஒரு வாசனையும் தெரியவில்லை.

பால்கனிக்குப் போனேன். மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

"மன்னிச்சிடுங்க மச்சான். போன வருஷமும் நான்தான். நாலு கிளாஸ் ஊத்தினேன்."

"அஞ்சு."

"அஞ்சு" என்று ஒத்துக்கொண்டேன். எனக்கும் தெரியும். நாலு என்று சொல்லிப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

"நீங்க ஊத்தலைன்னா நானே ஊத்தியிருப்பேன். இன்னும் பெருசா." அவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதை விடுங்க. இன்னைக்குப் பண்ணினீங்களே, இதுதான் மாப்பிள்ளை எனக்குப் பயமா இருக்கு. எட்டு மாசமா எல்லாரும் எனக்குத் தெரியாம என்னைக் காப்பாத்துறாங்க. உங்க அக்கா இருமல் மருந்தைக்கூட ஒளிச்சு வெக்கிறா. நான் இருமிக்கிட்டே தேடுறேன். லிஃப்ட்ல வேலை பார்க்கும்போது எல்லா மாடிக் கதவுலயும் ஒரு போர்டு மாட்டுவோம், 'வேலை நடக்குது'ன்னு. போர்டு மாட்டினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கதவு பார்க்க நல்லா இருக்கணும்னு போர்டைக் கழட்டினாத்தான் எவனாவது உள்ள காலை வெப்பான்."

"நான் போர்டைக் கழட்டிட்டேன்."

"கழட்டிட்டு மேல பெயிண்டும் அடிச்சுட்டீங்க."

இப்போது சிரித்தார். எனக்கு மூக்கோடு சேர்ந்து கண்ணும் ஒழுகியது. ஜலதோஷத்தில் இது ஒரு வசதி. யாரும் காரணம் கேட்பதில்லை.

மணி ஆறு ஐந்து. மிச்சம் இருந்தது அரை பாட்டில் மாதுளைச் சாறும் ஒரு பாத்திரம் தேயிலைச் சாறும், மச்சான் கொண்டுவந்த ஆரஞ்சும். மச்சானே சமையலறைக்குள் வந்து பிழிய உட்கார்ந்தார். இரும்புக் கயிறு இழுத்த கை. ஒரு ஆரஞ்சுக்கு ஒரு பிடிதான். அடுத்த பிடிக்கு அதில் ஒன்றும் இருக்காது. நான் பாகில் பட்டையும் இஞ்சியும் ஒரு கை மிளகும் போட்டுக் கொதிக்கவைத்தேன். அளக்கவில்லை. எந்த வெளிச்சத்திலும் வைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஜக், எல்லாருக்கும் அதுதான். நிறம் செங்கல் தூளைக் கரைத்த மாதிரி வந்தது. கம்பெனியில் யாராவது அப்படிக் கலந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

சர்க்கரை விளிம்பு கிளாஸை நீட்டியபோது மச்சான் வேண்டாம் என்றார். பாத்திரம் அடுக்கும் தட்டிலிருந்து, நான் டீ குடிக்கும் பச்சை மக்கை எடுத்தார். காது உடைந்து பசை போட்டு ஒட்டியது. என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

"இதுல ஊத்துங்க. இன்னைக்கு ரம் இல்ல, சரி. நாளைக்கு வேற வீட்டுல இருக்கும். என்னோடது தனியாத் தெரியணும், பழகிக்கிறேன்."

ஊற்றினேன். அவர் மேடையில் கிடந்த மூடியைப் புரட்டி, அந்தச் சிவப்பு வட்டத்தை நகத்தால் மெதுவாக உரித்து, மக்கின் வயிற்றில் ஒட்டினார். இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார்.

"டப்பாவிலதானே ஒட்டணும்?" என்றார்.

ஆறரைக்கு எதிர் ஃப்ளாட்டு தம்பதி வந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து மேனேஜரும் அவர் மனைவியும். மேனேஜர் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். கண்ணைத் திறந்தார்.

"ஷேடு, இதுல ஒண்ணுமே இல்லையே?"

நான் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

"என்னாலதான் சார்" என்றார் மச்சான், சோபாவிலிருந்து. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "நான் குடிக்கிறதை நிறுத்தி எட்டு மாசம் ஆகுது. அதனால இன்னைக்கு இப்படி."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஒரு நிமிடம் வராமல் இருக்கத்தான் ஒரு வாரம் திட்டம் போட்டிருந்தோம்.

"ஓ" என்றார் மேனேஜர். மூன்றாவது வாய் குடித்தார். "நீங்க லிஃப்ட் வேலை பார்க்குறவர்தானே? எங்க பில்டிங் லிஃப்ட் மூணாவது மாடி வந்தாலே ஒரு உதறு உதறுது சார். என் மாமியார் அதுக்குப் பயந்தே எங்க வீட்டுக்கு வர்றதில்ல. அது ஏன் அப்படி?"

"ஏறும்போது உதறுதா, இறங்கும்போதா?"

"ஏறும்போது."

"ஆளு நிறைய இருந்தாலும் உதறுதா, காலியா இருந்தாலுமா?"

முக்கால் மணி நேரம் அதே பேச்சு. மேனேஜர் எழுந்து நின்று உதறிக் காட்டினார். தையற்காரர் தன் லிஃப்ட் அனுபவத்தைச் சொன்னார். மச்சான் என்னிடமிருந்து இரண்டு தீப்பெட்டியும் ஒரு நூல் கண்டும் வாங்கி மேஜை மேல் ஒரு லிஃப்ட் கட்டினார். கடைசியில் மேனேஜர், சரிபண்ண வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று முடிவுக்கு வந்தார். மாமியார் விஷயத்தை யோசித்திருப்பார் போலிருக்கிறது. மக்கைப் பற்றியோ சிவப்பு வட்டத்தைப் பற்றியோ ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டேகாலுக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அக்கா யூனிஃபார்ம் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்குத்தான் வாசனை தெரியாது. ஒரு பாட்டில் ரம் போன சிங்க் இரண்டு மணி நேரத்தில் சும்மா இருக்குமா?

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காலையில் போனில் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. பிறகு என் தோளுக்கு மேலாக ஹாலைப் பார்த்தார். மச்சான் சிரித்துக்கொண்டு, கையை ஆட்டிப் பேசிக்கொண்டு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. சிவப்புக்கு அதுதான் காரணம். அதை அக்காவுக்கு யார் சொல்வது?

மச்சான் அவரைப் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தினார். மக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஹாலைக் கடந்து வாசலுக்கு வந்தார். ஒன்றும் விளக்கவில்லை. ஒற்றை ஷூவோடு நின்ற மனைவியிடம் மக்கை நீட்டினார்.

"பாரு."

அக்கா எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதை வாங்கி மூக்குக்குக் கொண்டுபோனார். ஒரு மூச்சு இழுத்தார். அவர் முகம் மாறவில்லை. பிறகு ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"இவ்வளவு மிளகா? ஜலதோஷம் தம்பிக்குத்தானே, கஷாயம் எதுக்கு எல்லாருக்கும்?"

"அப்போ இந்த வாசனை?" என்று அவரே அடுத்ததாகக் கேட்டார். குரல் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"சிங்க்" என்றார் மச்சான். "மாப்பிள்ளை மொத்தத்தையும் அதுக்கு ஊத்திட்டாரு. அதுதான் இப்போ நிதானத்துல இல்ல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை பொய் இல்லாததால் அடைக்கவில்லை. அவர் இன்னொரு ஷூவைக் கழற்றினார். ஹீட்டர் பக்கத்திலேயே இருந்த மக், குளிரில் வந்தவருக்குக் கைக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். மக்கைத் திருப்பிக் கொடுக்காமல், இரண்டு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு சோபாவில் மச்சானின் இடத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த வாய் குடித்தார். கட்டைவிரல் சிவப்பு வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்கவில்லை. மேனேஜர் அவருக்கும் முதலிலிருந்து உதறிக் காட்ட ஆரம்பித்தார்.

மச்சான் சமையலறைக்குள் வந்து வேறொரு மக்கைத் தேடி எடுத்தார். ஜக்கில் மிச்சம் இருந்ததை ஊற்றிக்கொண்டார். பிறகு என் சட்டைப் பைக்கு நேராக உள்ளங்கையை நீட்டினார்.

"இன்னொரு ஸ்டிக்கர் கொடுங்க மாப்பிள்ளை."